மேடான் நகரின் பச்சைச் சட்டையில் இருப்பது எந்த இலை? பிஎஸ்எம்எஸ் கழகத்தின் வரலாறு பற்றி ஒரு கேள்வி

கேள்வி: சேரம்பாடிக்காரன் (பந்தலூர் வட்டம், நீலகிரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் லயத்தைச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சேர்ந்த ஒருவர் பினாங்கில் வேலை செய்கிறார். சென்ற முறை அவர் ஊருக்கு வந்தபோது, கடலுக்கு அப்பால் சுமத்ராவின் மேடான் நகருக்கு ஒருமுறை போய் வந்ததாகச் சொல்லி, எங்கள் தோட்டத்துப் பையன்களின் அணிக்கு அங்கிருந்து வாங்கிய ஒரு கால்பந்துச் சட்டையைக் கொடுத்தார். பச்சை நிறம், மார்பில் உள்ள சின்னத்தில் ஓர் இலை. கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, பார்த்தவுடன் எல்லோரும் அதைத் தேயிலை என்றே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சட்டையைக் கொண்டுவந்தவர்தான் அது புகையிலை என்று திருத்தினார். அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை.

எங்கள் குடும்பம் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். ஒரு தோட்டப்பயிர் ஒரு கால்பந்துக் கழகத்தின் சின்னமாக எப்படி ஆனது என்பது எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்வியாகத் தோன்றவில்லை. ஆகவே விவரம் அறிந்தவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன். இந்தக் கழகம் எப்போது, யாரால் தொடங்கப்பட்டது? மேடானில் தமிழர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன்; கழகத்தின் தொடக்கத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்ததா? ஒரு காலத்தில் இந்தோனேசியாவின் மிகப் பெரிய அணிகளுள் ஒன்றாக இருந்தது என்கிறார்கள். அப்படியானால் இன்று முதல்நிலை லீக்கின் பட்டியலில் அதன் பெயரைக் காணவில்லையே, ஏன்?

கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் அணிக்கு ஏழு பேர் ஆடும் மலப்புரத்துச் செவன்ஸ் கால்பந்தைப் பற்றிக் கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். இதைப் பற்றிக் கேட்க எனக்கு இங்கே ஆள் இல்லை.

பதில் 1: பழைய என்ஜினீயர் (குன்னூர்)

தம்பிக்கு வணக்கம். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களை நிறுவும் வேலையாக 1980களில் சில ஆண்டுகள் வட சுமத்ராவில் இருந்தவன் நான். பெமாத்தாங் சியாந்தார் நகருக்கு மேலே சிடாமானிக் பக்கம் தேயிலை மலைகள் இருக்கின்றன. காலையில் பனி இறங்கும்போது கோத்தகிரிச் சாலையில் நிற்பது போலவே இருக்கும். ஆகவே அங்கே தேயிலையும் உண்டு. ஆனால் உங்கள் சட்டையில் இருப்பது புகையிலைதான்; அதிலும் 'டெலி' புகையிலை. மேடானைச் சுற்றியுள்ள சமவெளிக்கு டெலி என்று பெயர்.

1863இல் யாக்கோபுஸ் நீன்ஹூய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே வந்து, டெலி சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை பயிரிட்டார். சுருட்டின் மேலுறையாகச் சுற்றுவதற்கு ஏற்ற மெல்லிய, வெளிறிய, நீளமான இலை அந்த மண்ணில் விளைந்தது. ஐரோப்பியச் சந்தையில் அதற்கு நல்ல விலை கிடைத்தது. சில பத்தாண்டுகளுக்குள் காட்டோரக் கிராமமாக இருந்த மேடான் ஒரு நகரமாகிவிட்டது. அந்த இலையைப் பயிரிடச் சீனர்களையும், பிறகு ஜாவானியர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். நம்மவர்களும், பெரும்பாலும் பினாங்கு வழியாக, போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை சாலை போடுவதும், வாய்க்கால் வெட்டுவதும், மாட்டுவண்டி ஓட்டுவதும். 1880இல் வந்த கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடிய தொழிலாளியைச் சிறையில் அடைக்கலாம். கண்டிச் சீமையில் உங்கள் பாட்டனார் பட்டதும் இந்த மக்கள் பட்டதும் ஒரே காலத்துக் கதை. மேடானின் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884இல் எழுப்பப்பட்டது. அதையொட்டிய குடியிருப்புக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். நான் அங்கிருந்த காலத்தில் ஊர் நினைவு வந்தபோதெல்லாம் சியாந்தாரிலிருந்து பேருந்து ஏறி அந்தக் கோயிலுக்குப் போய்விடுவேன்.

கழகத்துக்கு வருகிறேன். பிஎஸ்எம்எஸ் என்பதன் விரிவு, 'மேடானும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த கால்பந்து ஒன்றியம்' என்று பொருள்படும். அந்த 'ஒன்றியம்' என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். டச்சுக்காரர் காலத்திலேயே தோட்டக் கம்பெனி ஊழியர்களும் நகரத்தாரும் அங்கே கால்பந்து ஆடினார்கள், சங்கங்களும் இருந்தன. ஆனால் இன்றைய கழகம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது 1950 ஏப்ரல் 21ஐத்தான். டச்சு அரசு இந்தோனேசியாவின் இறையாண்மையை ஏற்று நான்கு மாதங்கள்கூட ஆகாத நேரம் அது. நகரத்தின் ஆறு சிறிய கழகங்களின் பிரதிநிதிகள் கூடி இந்த ஒன்றியத்தை அமைத்தார்கள்: அல் வத்தான், சஹாத்தா, மேடான் ஸ்போர்ட், காவல் துறையினரின் கழகம், டெலி மாட்ஸ்காப்பை என்ற புகையிலைக் கம்பெனியின் கழகம், ஆறாவதாக 'இந்தியா ஃபுட்பால் டீம்' என்ற பெயரிலேயே ஆடிய ஒரு கழகம். ஆம், தம்பி, ஆறில் ஒன்று இந்தியர்களுடையது.

ஆகவே பிஎஸ்எம்எஸ் என்பது முதலில் ஒரு கழகமே அல்ல, கழகங்களின் கூட்டு. அந்தச் சிறு கழகங்கள் ஊருக்குள் தமக்குள் ஆடும். அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த ஆட்டக்காரர்கள் நகரத்தின் சார்பில் மற்ற நகரங்களோடு மோதுவார்கள். நம் நாட்டில் சந்தோஷ் கோப்பைக்கு மாநிலங்கள் அணி அனுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாநிலத்துக்குப் பதில் நகரம். அந்தப் போட்டிக்குப் 'பெர்செரிக்காத்தான்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் ஒன்றியம் என்றே பொருள். பாண்டுங் நகருக்குப் பெர்சிப், ஜகார்த்தாவுக்குப் பெர்சிஜா, சுரபாயாவுக்குப் பெர்சபாயா, மக்காசாருக்குப் பிஎஸ்எம் என்று ஒவ்வொரு நகரமும் இப்படித்தான் தன் அணியை வளர்த்தது. 1953இல் மூன்றாவது தேசிய விளையாட்டு விழா மேடானில் நடந்தபோது அதற்காகக் கட்டப்பட்ட தெலாடான் மைதானம் பிஎஸ்எம்எஸ் அணியின் வீடாயிற்று. இந்தியா கால்பந்தில் நான்காம் இடம் பெற்ற 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் நமக்கு நினைவிருக்கும். அதே போட்டியில் இந்தோனேசியா சோவியத் ஒன்றியத்தைக் கோல் ஏதுமின்றிச் சமன் செய்து உலகத்தை வியக்க வைத்தது. அந்த அணியில் ஆடிய ரம்லான் யாத்திம் மேடானின் பிள்ளை.

மேடான்காரர்கள் ஆடும் முறைக்கு அவர்களே வைத்த பெயர் 'ராப்-ராப்'. வேகமாக, முரட்டுத்தனமாக, பந்தை விட்டுக்கொடுக்காமல், எதிரியின் உடம்போடு மோதி ஆடுவது. ஜாவாத் தீவின் நளினமான ஆட்டத்தை விரும்பியவர்கள் இதைக் குறை சொன்னதுண்டு. நானோ அதை நேரில் பார்த்தவன். அதில் கண்மூடித்தனம் இல்லை, மூச்சு இருந்தது, துணிவு இருந்தது. அணியின் செல்லப் பெயர் 'ஆயாம் கினாந்தான்'. உடம்பெல்லாம் வெள்ளையான சேவல் என்று பொருள். மலாய்க்காரர்களின் கதைகளில் வெல்ல முடியாத போர்ச்சேவல் அது.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்பியதைச் சொல்கிறேன். பெர்செரிக்காத்தானில் பிஎஸ்எம்எஸ் ஐந்து முறை பட்டம் வென்றது: 1967, 1971, 1975, 1983, 1985. இவற்றுள் 1975ஆம் ஆண்டுப் பட்டம் பெர்சிஜாவோடு பகிர்ந்துகொண்டது. மைதானத்தில் ஏற்பட்ட மோதலால் இறுதியாட்டம் பாதியில் நிறுத்தப்பட்டு இரு அணிகளும் கூட்டாக வென்றதாக அறிவிக்கப்பட்டன. கடைசி இரண்டு பட்டங்களும் ஜகார்த்தாவின் செனாயான் மைதானத்தில் பாண்டுங்கின் பெர்சிப்பை வென்று பெற்றவை. 1983இல் கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டியில் 3-2. 1985 பிப்ரவரி 23ஆம் நாள் நடந்த இறுதியாட்டம்தான் இன்றுவரை பேசப்படுவது. பிஎஸ்எம்எஸ் இரண்டு கோல் முன்னிலை பெற்றது. பெர்சிப் இரண்டையும் திருப்பிப் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரமும் கழிந்து மறுபடி பெனால்டிக்குப் போயிற்று. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு பதிவு செய்துள்ளது. தொழில்முறை சாராத ஆட்டம் ஒன்றுக்குத் திரண்ட கூட்டங்களில் அதற்கு இணை சொல்வது அரிது. இருக்கைகள் போதாமல் ஓடுபாதையிலும் கோட்டோரத்திலும் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் வானொலியைச் சுற்றி நின்றோம். வாடல் பகுதியில் இரவு முறைக்காரர்கள் வேலையில் இருந்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் ஒருவன் ஓடிப்போய் அவர்களுக்குச் செய்தி சொல்லிவிட்டு வருவான். மேடானின் கோல்கீப்பர் பொனிரின் மேக்கா பந்தைத் தடுத்தபோது வானொலியில் வர்ணனையாளரின் குரலே கேட்கவில்லை. 2-1 என்று பெனால்டியில் முடிந்தது. ஜாவானியர், பாத்தாக்கியர், மலாய்க்காரர், சீனர் என்று பத்துச் சாதி மனிதர்கள் அன்று கட்டிப்பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் ஊருக்குப் புதியவன், என்னையும் தூக்கினார்கள்.

பதில் 2: மைதானத்து டீச்சர் (உதகமண்டலம்)

குன்னூர் ஐயா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றும் நான், ஆசியக் கால்பந்தின் பழைய பதிவுகளைத் தேடிப் படிப்பவள். இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது, சேரம்பாடித் தம்பி கேட்ட தமிழர் பங்கு பற்றியது. நிறுவிய ஆறு கழகங்களில் 'இந்தியா ஃபுட்பால் டீம்' இருந்தது உண்மை. ஆனால் அதன் சார்பில் அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டவரின் பெயர் தேஜா சிங். பெயரே பஞ்சாபி என்று சொல்கிறது. மேடானில் சீக்கியர்களும் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அந்த அணியில் தமிழ்ப் பிள்ளைகளும் ஆடியிருக்கக்கூடும் என்று எண்ண ஆசையாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஆசையை வரலாறாக எழுதிவிடக் கூடாது. இந்தியர் பங்கு உண்டு என்பது வரை நிச்சயமாகச் சொல்லலாம். அதற்கு மேல் உரிமை கொண்டாடினால் அந்தப் பெரியவருக்கு நாம் செய்யும் குறையாகிவிடும். என் பார்வையில் இதைவிடப் பெரிய செய்தி வேறொன்று. தோட்டத்தை ஆண்ட கம்பெனியின் கழகமும், காவல் துறையின் கழகமும், பாத்தாக்கியப் பெயர் தாங்கிய சஹாத்தாவும், வந்தேறிகளான இந்தியரின் கழகமும் ஒரே மேசையில் சம உறுப்பினராக அமர்ந்து கையெழுத்திட்டன. 'சஹாத்தா' என்ற பாத்தாக்கியச் சொல்லுக்கு ஒரே குரல், ஒருமனம் என்று பொருள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அந்த ஊரில் நினைத்தும் பார்க்க முடியாத காட்சி இது.

சின்னத்தில் புகையிலையை வைத்ததையும் இந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன். பிரிந்து கிடந்த அத்தனை மக்களையும் அந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த இலைதான். எந்த ஒரு இனத்தின் அடையாளத்தைப் போட்டிருந்தாலும் மற்றவர்கள் விலகி நின்றிருப்பார்கள்.

இரண்டாவது, ஐயா உள்நாட்டுப் பட்டங்களோடு நிறுத்திவிட்டார். வெளிநாட்டிலும் இந்த அணி பெயர் வாங்கியது. 1967இல் டாக்காவில் நடந்த ஆகா கான் தங்கக் கோப்பையைப் பிஎஸ்எம்எஸ் வென்றது. அக்காலத்தில் ஆசியக் கழகங்கள் மோதிக்கொள்ளும் போட்டிகளில் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. 1970இல் டெஹ்ரானில் ஆசியாவின் வாகையர் அணிகளுக்கான போட்டி நடந்தது. இன்றைய ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி அது. இந்தோனேசியாவின் சார்பில் சென்ற பிஎஸ்எம்எஸ் அரையிறுதி வரை முன்னேறி, ஊர்க்காரர்களான தாஜ் அணியிடம் தோற்றது. அதே போட்டிக்கு இந்தியா அனுப்பியது எந்த அணி தெரியுமா? மோகன் பகானும் அல்ல, ஈஸ்ட் பெங்காலும் அல்ல, மேற்கு வங்க மாநில அணி. முந்தைய ஆண்டு பாங்காக்கில் நடந்த போட்டிக்கு நம் அண்டை மாநிலமான அன்றைய மைசூரின் அணி போயிற்று. ஐயா சொன்ன சந்தோஷ் கோப்பை ஒப்புமை வெறும் உவமை அல்ல என்பதற்கு இதுவே சான்று: அன்று இந்தியாவும் இந்தோனேசியாவும் கழகம் என்று அனுப்பியவை உண்மையில் ஓர் ஊரின், ஒரு மாநிலத்தின் தேர்வு அணிகளே.

அந்தத் தலைமுறையின் கோல்கீப்பர் ரோனி பஸ்லா மேடானில் பிறந்தவர். பிஎஸ்எம்எஸ் அணியில் வளர்ந்து, பின்னாளில் ஜகார்த்தாவின் பெர்சிஜாவுக்காக ஆடினார். 1972இல் பிரேசிலின் சாண்டோஸ் அணி ஜகார்த்தா வந்து இந்தோனேசியாவுடன் ஆடியபோது, பெலே உதைத்த பெனால்டியை அவர் தடுத்தார். அந்த ஆட்டத்தில் 3-2 என்று சாண்டோஸ் வென்றது. இருந்தாலும் அந்த ஒரு தடுப்பைப் பற்றிப் பேசாத மேடான் பெரியவர் இல்லை. அதே 1972இல்தான் வட சுமத்ரா ஆளுநர் மாரா ஹாலிம் பெயரில் மேடானில் ஒரு பன்னாட்டுக் கோப்பை தொடங்கப்பட்டு, பல நாட்டு அணிகள் தெலாடானுக்கு வந்து ஆடின. கால்பந்தைத் தலைநகரில் மட்டும்தான் வளர்க்க முடியும் என்று நினைப்பவர்கள் 1960களின் பிற்பகுதி முதல் 1970களின் நடுப்பகுதி வரையிலான மேடானைப் பற்றிப் படிக்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி: சேரம்பாடிக்காரன்

ஐயாவுக்கும் டீச்சருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு பதில்களையும் நேற்று மாலை மைதானத்தில் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். வானொலியைச் சுற்றி நின்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். தேஜா சிங் பற்றி டீச்சர் எச்சரித்ததை அப்படியே ஏற்கிறேன். எனக்குள்ளும் அந்த ஆசை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் என் மூன்றாவது கேள்வி நிற்கிறது. 1,50,000 பேரை மைதானத்துக்கு இழுத்த ஓர் அணி எப்படிக் கீழே போனது? ஆட்டக்காரர்கள் குறைந்துவிட்டார்களா, பணம் இல்லாமல் போயிற்றா? எங்கள் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அணி இருந்தது என்று அப்பா சொல்வார். அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

பதில் 3: கோத்தகிரி வடமலை

சேரம்பாடி அண்ணனுக்கு வணக்கம். தென்கிழக்கு ஆசிய லீக்குகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனிப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். ஆட்டக்காரர்கள் குறையவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அணியைப் பெரிதாக்கிய அதே ஏற்பாடுதான் பிறகு அதைத் தாங்க முடியாமல் போயிற்று என்பது என் துணிபு.

ஐயா விளக்கிய ஒன்றிய முறையில் அணிக்கு முதலாளி கிடையாது. நகரம்தான் முதலாளி, நகர நிர்வாகத்தின் பணத்தில் அணி நடக்கும். 1979இல் இந்தோனேசியாவில் கலாத்தாமா என்ற பெயரில் கம்பெனிகளும் செல்வந்தர்களும் நடத்தும் கழகங்களுக்கான தனி லீக் தொடங்கியது. மேடானிலேயே பர்தேதே என்ற தொழிலதிபர் நடத்திய பர்தேதேடெக்ஸ் அதில் ஆடியது. ஆனால் மக்களின் நெஞ்சம் நகர அணிகளோடுதான் இருந்தது. 1985ஆம் ஆண்டுக் கூட்டமே அதற்குச் சாட்சி. 1992இல் பிஎஸ்எம்எஸ் மறுபடி இறுதியாட்டத்துக்கு வந்து மக்காசாரிடம் தோற்றது. 1994இல் இரண்டு அமைப்புகளையும் இணைத்து லீகா இந்தோனேசியா என்ற ஒரே லீக்கை உண்டாக்கினார்கள். அன்றிலிருந்து நகர அணிகள் சம்பளம் கொடுத்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கி, ஆண்டு முழுதும் ஆட வேண்டியதாயிற்று. செலவு பன்மடங்கானது, ஆனால் வருமானம் வரும் வழி மாறவில்லை, அதே நகராட்சிப் பெட்டிதான்.

இருந்தும் உடனே விழுந்துவிடவில்லை. 2002இல் கீழிறங்கி விரைவிலேயே மீண்டார்கள். 2007 பருவத்தில் கோல்கீப்பர் மார்க்குஸ் ஹொரிசன், நடுக்கள வீரர் லெகிமின் ரஹார்ஜோ போன்றோரோடு இறுதியாட்டம் வரை வந்தார்கள். அந்த இறுதியாட்டத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். செனாயானில் நடக்க வேண்டியது அது. அரையிறுதியின்போது ரசிகர்களிடையே மூண்ட வன்முறையில் ஓர் உயிர் போனதால், 2008 பிப்ரவரி 10ஆம் நாள் பாண்டுங் அருகே ஜலாக் ஹாருப்பாட் மைதானத்துக்கு மாற்றப்பட்டு, பார்வையாளர்களே இல்லாமல் நடந்தது. பலெம்பாங்கின் ஸ்ரீவிஜயா அணி 3-1 என்று வென்றது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓடுபாதைவரை மனிதர்கள் நிறைந்திருந்த அணிக்கு, இந்தப் பெரிய இறுதியாட்டம் வெறும் நாற்காலிகளின் முன்னால் வாய்த்தது. உயிர் போன பிறகு அந்த முடிவு சரியானதே. ஆயினும் மேடான் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை யாராலும் மறுக்க முடியாது.

அதன்பின் சரிவு வேகமானது. 2009இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையில் ஆடினார்கள். அதே ஆண்டு லீக்கில் பெர்சபாயாவுடன் நடந்த தகுதிகாண் ஆட்டத்தில் பெனால்டியில் தோற்று முதல் நிலையை இழந்தார்கள். 2011இல் உள்துறை அமைச்சகம், தொழில்முறைக் கழகங்களுக்கு உள்ளாட்சி வரவுசெலவுத் திட்டத்திலிருந்து பணம் கொடுக்கக் கூடாது என்று விதி வகுத்தது. மக்களின் வரிப்பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது; நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறுபது ஆண்டுகளாக நகரத்தின் பிள்ளையாக வளர்ந்த ஓர் அணியை, சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொடுக்காமல் ஒரே நாளில் வெளியே நிறுத்தினால் என்ன ஆகும்? அதே நேரத்தில் நாட்டின் கால்பந்துச் சங்கத்தில் பிளவு ஏற்பட்டு இரண்டு போட்டி லீக்குகள் உருவாயின. 2011-12இல் பிஎஸ்எம்எஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு அணிகள், ஒன்று ஒரு லீக்கிலும் மற்றொன்று எதிர் லீக்கிலும், ஆடின. ஒரு ரசிகன் எந்தப் பச்சைச் சட்டைக்குக் கைதட்டுவான்? 2013இல் ஆட்டக்காரர்கள் பல மாதச் சம்பளம் வராமல் ஜகார்த்தாவுக்கே போய் முறையிட்டார்கள். 2015இல் அரசின் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இந்தோனேசியாவையே தடை செய்தது. லீக் நின்றுபோன அந்த ஆண்டில் நடந்த விடுதலைக் கோப்பையைப் பிஎஸ்எம்எஸ் வென்றது என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஐயாவின் வானொலிக் கதையோடு சேரும் ஒன்று உண்டு. 1985 இறுதியாட்டத்தில் பெர்சிப்பின் சார்பில் பெனால்டியைத் தவறவிட்டவர்களுள் ஒருவர் ஜாஜாங் நூர்ஜமான். அந்தத் தோல்வியை அவர் அடுத்த ஆண்டே ஈடு செய்தார். 1986 இறுதியாட்டத்தில் அவர் அடித்த ஒரே கோலில் பெர்சிப் பட்டம் வென்றது. அதே ஜாஜாங், 2017இல் பயிற்சியாளராக மேடானுக்கு வந்தார். அவரது பயிற்சியில் பிஎஸ்எம்எஸ் இரண்டாம் நிலை லீக்கின் இறுதியாட்டம் வரை சென்று, பெர்சபாயாவிடம் 3-2 என்று தோற்றாலும், முதல் நிலைக்கு உயர்ந்தது. எவரை வீழ்த்தி இந்த ஊர் கடைசியாகப் பெர்செரிக்காத்தான் பட்டம் வாங்கியதோ, அவரே வந்து கைதூக்கி விட்டார். 2018இல் கடைசி இடம் பெற்று மறுபடி கீழே இறங்கியது வருத்தம்தான். அதன்பின் இரண்டாம் நிலையிலேயே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில் 4: பழைய என்ஜினீயர் (குன்னூர்)

கோத்தகிரித் தம்பி எழுதியது முழுவதும் சரி. ஜாஜாங் பிற்காலத்தில் மேடானுக்கு வந்தார் என்பது எனக்குப் புதிய செய்தி. அன்று இரவு அவர் பெயரைக் கேட்டு நாங்கள் கூச்சலிட்டது இப்போது நினைவுக்கு வருகிறது.

சேரம்பாடித் தம்பிக்கு ஒன்று. தோட்டப் பிரிவுக்கு ஓர் அணி என்று உங்கள் அப்பா சொன்னாரே, பிஎஸ்எம்எஸ் தொடங்கியதும் அப்படிப்பட்ட அணிகளிலிருந்துதான். ஒன்றியம் என்பது மேலே இருக்கும் பெயர்ப்பலகை; வேர் அந்தச் சிறு கழகங்களில் இருந்தது. நான் அங்கிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மேடானில் எந்தத் திடலுக்குப் போனாலும் உறுப்புக் கழகங்களின் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். பெரிய அணியின் ஆட்டக்காரனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே பந்தை உதைப்பார்கள். பந்தலூர்ப் பக்கம் ஐந்தாறு தோட்டங்கள் சேர்ந்து அணிகளை மறுபடி எழுப்ப நினைத்தால், என்னிடம் இரண்டு கோல் வலைகள் புதிதாகவே இருக்கின்றன. குன்னூர் வரும்போது வந்து எடுத்துச் செல்லுங்கள்.

சட்டை கொண்டுவந்த பினாங்கு நண்பர் மறுபடி மேடான் போனால், தெலாடானுக்கு நேரே போய்விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பழைய மைதானத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கிய பிறகு அணி லுபுக் பாக்காம் என்ற ஊரிலுள்ள பஹாருதீன் சிரேகார் மைதானத்தில் ஆடியது. அடுத்த ஆட்டம் எங்கே என்று கம்போங் மெட்ராஸ் பக்கம் யாரிடமாவது விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கோயில் வாசலில் பூக்கட்டுபவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.